பொதுமக்கள் தரப்பு

காவல் துறைக்கும் பொதுமக்களுக்கும் இடையே அன்பு குறைந்துவிட்டதாகத் தலைமை அலுவலகம் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு, அந்தக் குறையை ஒரே வாரத்தில் தீர்த்துவிட ‘நல்லுறவு வாரம்’ என்று ஒன்றை அறிவித்தது. முதல் நாள் ஓவியப் போட்டி, இரண்டாம் நாள் மரம் நடுதல், மூன்றாம் நாள் நட்ட மரங்களைப் பார்வையிடுதல் என்று போய், ஆறாம் நாள் காலை மைதானத்தில் ஒரு செயல்விளக்கம். கலவரக் கூட்டத்தை லத்தியால் எப்படிக் கலைப்பது என்று பொதுமக்களுக்கு நேரில் செய்து காட்டுவார்கள். இதைப் பார்த்தால் அன்பு எப்படி வளரும் என்று யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்பது அந்தத் துறையின் தொழில்தான் என்றாலும், மேலே பார்த்துக் கேட்கும் பழக்கம் அங்கே கிடையாது.

அடிக்க ஆள் இருந்தது, லத்தி இருந்தது. அடிவாங்கத்தான் பொதுமக்கள் இல்லை. ‘பொதுமக்கள் அச்சமின்றிக் கலந்துகொள்ளலாம்’ என்று அறிவிப்பு வண்டி தெருத்தெருவாகப் போயிற்று. ‘அச்சமின்றி’ என்ற சொல் காதில் விழுந்ததும் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியில், காவலர்களிலேயே இருபது பேரைப் பொறுக்கி எடுத்து ஒருநாள் மட்டும் பொதுமக்களாக நியமிப்பது என்று முடிவாயிற்று. நியமன ஆணையில் நிபந்தனைகளும் இருந்தன. சொந்த உடையில் வரவேண்டும். சவரம் செய்திருக்கக் கூடாது. பொதுமக்களுக்குரிய முகபாவம் நிகழ்ச்சி முடியும்வரை இருக்க வேண்டும்.

அந்த இருபது பேரில் முதல் பெயர் சாதுவினுடையது. சாது என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல, நிலையத்தில் வைத்தது. பதினான்கு வருடச் சேவையில் அவர் ஒருவர்மீதும் கை வைத்ததில்லை. கொள்கை என்றெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. கை ஓங்க வராது, அவ்வளவுதான். மற்றவர்கள் அடித்து முடித்ததும் காகிதத்தையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போவார். “இங்க ஒரு கையெழுத்துப் போட்டுருங்க, தெரியாதுன்னா ரேகை வைங்க” என்பார். அடிவாங்கியவர்கள் அவரைக் கண்டதும் கும்பிடுவார்கள். அந்தக் கும்பிடு அவருக்குப் பிடித்திருந்தது.

“உன் மூஞ்சியப் பாத்தா போலீஸ்னு எவன்யா சொல்லுவான்? பொறந்ததுலேருந்தே நீ பொதுமக்கள்தான்” என்று ஆய்வாளர் நியமன ஆணையை நீட்டினார். சாது அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு ஏட்டு வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அமைதியான பொதுமக்கள், கையைத் தூக்கினால் கலவரம், இதுதான் பாடம். கோஷம் போடுவதில் மட்டும் சிக்கல் வந்தது. ‘தண்ணீர் வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். தண்ணீர் இலாகா கோபித்துக்கொள்ளும் என்று திரும்பி வந்தது. ‘சாலை வேண்டும்’ என்றார்கள். சாலை இலாகாவின் அதிகாரிதான் அன்றைய சிறப்பு விருந்தினர். ‘நீதி வேண்டும்’ என்றார்கள், அதைப் படித்த பெரிய அதிகாரி, “யாரைச் சொல்றீங்க?” என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். இறுதியாக, வெறும் ‘வேண்டும்! வேண்டும்!’ என்று கத்துவதற்கு அனுமதி கிடைத்தது.

அடி வலிக்காமல் இருக்க, லத்திகளுக்கு மேலே சுற்றுவதற்கு ஸ்பாஞ்சு வரவழைக்கப்பட்டது. நிகழ்ச்சிக்கு முன்தினம் மேடை நாற்காலிகள் கட்டாந்தரை மாதிரி இருப்பதாக யாரோ சொன்னதால், ஸ்பாஞ்சு முழுவதும் அங்கே போய்விட்டது.

அன்று காலை மைதானத்தின் வேலிக்கு வெளியே எதிர்பாராத கூட்டம். அழைத்தபோது வராத ஜனங்கள், அடிவாங்கப்போவது போலீஸ்காரர்கள் என்று தெரிந்ததும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முன்வரிசையில் இடம் பிடித்தவர்கள் தோளில் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மேடையில் பெரிய அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“பொதுமக்கள் எங்கள் குடும்பம். குடும்பத்தில் அடிப்பதில்லையா? அடி என்பது அன்பின் கடைசிப் படி. அந்தப் படிக்கு வந்து சேர மற்ற நாடுகளில் மணிக்கணக்காகிறது. நாங்கள் நாலு நிமிடத்தில் வந்துவிடுகிறோம் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.”

விசில் ஊதப்பட்டது. சாதுவும் மற்ற பத்தொன்பது பேரும் ‘வேண்டும்! வேண்டும்!’ என்று கையைத் தூக்கினார்கள். எதிரே லத்தியோடு வந்தவர்கள் முதலில் பொய்யாகத்தான் அடித்தார்கள். ஒருவன் சாதுவின் முதுகில் மெல்லத் தட்டி, “வலிக்குதா அண்ணே?” என்றுகூடக் கேட்டான். மேடையிலிருந்து பெரிய அதிகாரியின் குரல் வந்தது.

“இதுல உயிரே இல்லையே. வீட்டுல தூசி தட்டுற மாதிரி தட்டுறீங்க.”

அவ்வளவுதான். அதன்பிறகு நடந்ததைச் சாதுவால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. முதுகில் விழுந்தது, தோளில் விழுந்தது. ஓடினார். ஓடுகிறவனை விடக் கூடாது என்பது பாடத்தில் இருப்பதால் துரத்தினார்கள். நிமிர்ந்து பார்த்தபோது எதிரே நின்றவன் தினமும் மதியம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன். நிலையத்தில் அவனைக் கூட்டாளி என்றுதான் கூப்பிடுவார்கள்.

“டேய், நான்தான்டா! நான்டா!”

அடிவாங்குகிற எல்லோரும் அப்படித்தான் கத்துவார்கள். கூட்டாளி பல்லைக் கடித்துக்கொண்டு வீசினான். முழங்காலில் விழுந்த அடியில் லத்தி இரண்டாகப் பிளந்தது. சாது தரையில் புரண்டார். வேலிக்கு வெளியே கைதட்டல் எழுந்தது. விசிலடித்தார்கள். “இன்னொண்ணு போடு! இன்னொண்ணு!” என்று ஒரு பெண்குரல் கேட்டது. மேடையில் இருந்தவர்களுக்கு அந்தக் கைதட்டல் துறையின்மேல் மக்கள் வைத்திருக்கும் மதிப்பாகத் தெரிந்ததால், எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, “யார் அடிச்சது?” என்று கேட்டார்.

“போலீஸ்.”

டாக்டர் ‘படியில் தவறி விழுந்ததாகக் கூறுகிறார்’ என்று எழுதினார்.

“நான் விழுந்தேன்னு சொல்லலையே டாக்டர்.”

“எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்றாங்க. ரெண்டு நாள் கழிச்சு வந்து, படியில விழுந்தேன்னு மாத்தி எழுதுங்கன்னு கெஞ்சுவாங்க. எனக்கு எதுக்கு ரெட்டை வேலை?”

“நானே போலீஸ்தான்.”

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவருடைய மூன்று நாள் தாடியையும் கிழிந்த சட்டையையும் பார்த்தார். “இதையும் நிறையப் பேர் சொல்லுவாங்க” என்றார்.

காலில் கட்டோடு வீட்டில் கிடந்த சாதுவைப் பார்க்க மச்சான் வந்தான். மனைவிக்குத் தம்பி; பஸ்ஸில் கண்டக்டர். வந்தவன் கட்டிலருகே உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நானும் அன்னைக்கு வேலி ஓரமா நின்னேன் மாமா” என்றான் கடைசியில். “கை தட்டினேன்.”

“நான்னு தெரியலையா?”

“முதல்ல தெரியல. அப்புறம் தெரிஞ்சுது. ஆனா கை நிக்கல மாமா. போன வருஷம் டிக்கெட் கேட்டதுக்கு ஒரு போலீஸ்காரன் பஸ்ஸுக்குள்ளயே என் கன்னத்துல விட்டான். எழுபது பேர் பார்த்தாங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கல. அது ஞாபகம் வந்துருச்சு. தப்புதான். மன்னிச்சுக்குங்க.”

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். சண்டை வரும் என்று நினைத்திருப்பாள். அந்தக் கன்னத்தைப் பற்றிச் சாதுவுக்கு அப்போதே தெரியும். அடித்தவனைக்கூடத் தெரியும். குடும்ப விஷயத்தை நிலையத்தில் கொண்டுபோகக் கூடாது என்று சும்மா இருந்துவிட்டார்.

பத்தாம் நாள் அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. பணியில் காயம்பட்டதற்கான விடுப்பு கேட்டு அவர் எழுதிய விண்ணப்பத்துக்குப் பதில். ‘குறிப்பிட்ட தேதியில் மேற்படியார் பொதுமக்களாகப் பணியாற்றி வந்தார். பொதுமக்களுக்கு ஏற்படும் காயங்கள் பணிக் காயங்கள் ஆகா. பாதிக்கப்பட்ட பொதுமக்கள் அருகிலுள்ள காவல் நிலையத்தை அணுகலாம். அன்றுமுதல் காவலர் என்ற முறையில் அவர் பணிக்கு வராமைக்கு, வேலையைவிட்டு ஓடிப்போனவராக ஏன் கருதக் கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் தரவும்.’

சாது அதை மூன்று முறை படித்தார். பிறகு கக்கத்தில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு, அருகிலுள்ள காவல் நிலையத்தை அணுகினார். அது அவருடைய நிலையம்தான்.

உள்ளே ரைட்டர் உட்கார்ந்திருந்தார். புகார்களை எழுதுகிற வேலை அவருடையது. சாதுவுக்குப் பதினொரு வருடப் பழக்கம். சாதுவின் கல்யாணத்தில் பந்தியில் பரிமாறியவர். ஊன்றுகோல் சத்தம் கேட்டும் நிமிரவில்லை.

“பேர்?”

“யோவ், என்னைத் தெரியாதா உனக்கு?”

“தெரிஞ்சா புகார் எழுத முடியாதுப்பா. வேண்டியவனுக்கு எழுதிட்டான்னு சொல்லுவாங்க. பேரு, அப்பா பேரு.”

சொன்னார். நின்றுகொண்டேதான் சொன்னார்.

“அந்த நேரத்துல அந்த மைதானத்துக்கு நீ எதுக்குப் போன?”

“ஆய்வாளர்தான் அனுப்பினாரு.”

“யார் கூப்பிட்டாலும் போயிடுவியா? சரி, அனுப்பினாருங்கறதுக்கு ஆதாரம்?”

சாது பையிலிருந்து நியமன ஆணையை எடுத்து மேசைமேல் வைத்தார். ரைட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே ‘துறையினர் பார்வைக்கு மட்டும்’ என்று அச்சடித்திருந்தது.

“இது எப்படிப் பொதுமக்கள் கைக்கு வந்துச்சு?” என்று கேட்டு, அதை எடுத்துத் தன் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். “நல்லவேளை என்கிட்ட காட்டின. வேற யார்கிட்டயாவது காட்டியிருந்தா உள்ள போட்டிருப்பான்.”

சாது ஆய்வாளரைப் பார்க்க வேண்டும் என்றார். ஆய்வாளரும் அவரைத்தான் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு ஒரு தலைவலி. மைதானத்தில் முறிந்த லத்தி ஆயுதக் கிடங்குக்குத் திரும்பிப் போயிருந்தது. முறிந்த லத்தியைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டுமானால், எந்த வழக்கில் முறிந்தது என்று வழக்கு எண் வேண்டும் என்று கிடங்குக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். ஒத்திகையில் முறிந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆகவே ஒரு வழக்கு பதிவாகியிருந்தது. அடையாளம் தெரியாத பத்தொன்பது பேரும் அடையாளம் தெரிந்த ஒருவரும் சட்டவிரோதமாகக் கூடி, ‘வேண்டும், வேண்டும்’ என்று ஆட்சேபகரமான கோஷங்கள் எழுப்பி, அரசு உடைமையான லத்தி ஒன்றைத் தம் முழங்காலால் சேதப்படுத்தினார்கள். அடையாளம் தெரிந்த அந்த ஒருவர் யார் என்று சாது கேட்கவில்லை.

“உட்காரச் சொல்ல மறந்துட்டேன் பாரு” என்றார் ஆய்வாளர். சொல்லாமலே பேச்சைத் தொடர்ந்தார். “நீ என்னைத் தப்பா நினைக்கக் கூடாது. எனக்குப் பொதுமக்கள்னா உயிர். அவங்க இல்லேன்னா நமக்கு ஏதுய்யா வேலை? ஆனா ஒண்ணு புரிஞ்சுக்க. ஜனங்களுக்கு நம்மமேல மரியாதை வேணும்னு மேலிடத்துல சொல்றாங்க. மரியாதையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? மரியாதை கொடுக்கிறவன் பதிலுக்கு மரியாதை கேப்பான். பயப்படுறவன் ஒண்ணும் கேக்க மாட்டான். எது லாபம், சொல்லு?”

சாதுவின் முழங்கால் துடித்தது. ஊன்றுகோலை இடது கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

“அய்யா, என் விடுப்பு...”

“அதுக்குத்தான் வரேன். பொதுமக்கள்ங்கற முறையில நீ ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துடு. உணர்ச்சிவசப்பட்டுக் கூட்டத்துல சேந்துட்டேன், இனிமே சேர மாட்டேன்னு. வழக்கை முடிச்சிடலாம். கிடங்குக்காரனுக்கும் எண் கிடைச்சிடும். விடுப்புக்கு, வீட்டுப் படியில விழுந்தேன்னு எழுது. டாக்டரே முன்யோசனையா அப்படித்தான் எழுதியிருக்காரு, படிச்ச மனுஷன். நீ மட்டும் ஏன்யா குறுக்க நிக்கிற?”

நாளைக்குச் சொல்கிறேன் என்று சாது வீட்டுக்கு வந்தார். மனைவி மருந்துக் கடையில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கட்டை அவிழ்த்துக் களிம்பு தடவிக்கொண்டே பேசினாள்.

“கையெழுத்துப் போட்டுக் கொடுத்துருங்க.”

“நான் ஒரு தப்பும் பண்ணலடி. பண்ணாத தப்புக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“உங்ககிட்ட போட்டவங்கள்லாம் தப்புப் பண்ணவங்களா?”

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மைப்பெட்டியை நீட்டும்போதெல்லாம் தான் எவ்வளவு மெல்லிய குரலில் பேசியிருக்கிறோம் என்பதே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஒருமுறை ஒரு கிழவர், ரேகை வைத்த விரலைத் துடைக்கத் துணி கொடுத்ததற்காக அவர் காலில் விழப் போனார். தடுத்து நிறுத்தி, “அதெல்லாம் வேண்டாங்க” என்று சொன்ன தன் பெருந்தன்மையை அவர் இத்தனை வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தார்.

மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டார். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது கூட்டாளி. வெளியே வந்ததும் சாதுவின் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

“சத்தியமா உன் மூஞ்சி தெரியலடா அன்னைக்கு. சட்டைதான் தெரிஞ்சுது.”

“தெரியும்டா” என்றார் சாது.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். கால் நீட்டி மடக்க வராததால் இனி ஓட முடியாது, ரோந்து முடியாது. நல்லுறவு வாரத்தில் போட்ட வரவேற்பு மேசை ஒன்று நிலையத்து வாசலில் காலியாகக் கிடந்தது. அங்கே உட்காரவைத்தார்கள். சாதுவுக்கு அதில் வருத்தமில்லை. உள்ளே வருகிறவர்கள் எப்படி நிற்கிறார்கள், எங்கே வலிக்கிறது என்று இப்போது அவருக்குத் தெரியும். இந்த மேசைக்கு வருகிற ஒருவரையாவது மனிதராக நடத்துவது என்று மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட.

அன்று பகல் பதினொரு மணிக்கு முதல் ஆள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு பை, அதில் மடித்துவைத்த ஒரு சட்டை. சந்தையில் மூட்டை தூக்குகிற அவள் புருஷனை முதல் நாள் சாயங்காலம், ‘விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்’ என்று கூட்டிவந்திருந்தார்கள். வாசலுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கதவருகில் நின்றாள்.

“வாங்கம்மா” என்று சாது எழுந்தார். “உள்ள வாங்க. இப்படி உட்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, கொஞ்சம் தண்ணி குடிங்க.”

டம்ளரில் தண்ணீர் ஊற்றி இரு கையாலும் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் முகத்தையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எங்க வீட்டுக்காரரு...” என்றாள்.

“தெரியும்மா. பயப்படாதீங்க. அவர் உள்ளதான் இருக்கார். நல்லா இருக்கார்.”

அவள் முகம் ரத்தம் வற்றி வெளுத்தது. பை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

“கொன்னுட்டீங்களா? அய்யோ, கொன்னுட்டீங்களா அவரை?”

“இல்லம்மா! என்னம்மா சொல்றீங்க? காலையிலகூட நான் பார்த்தேன்மா அவரை.”

“பொய் சொல்லாதீங்கய்யா! உசுரோட இருக்கிறவரை இங்க யாருய்யா ‘அவர்’னு சொல்லுவாங்க? எனக்கு யாருய்யா தண்ணி கொடுப்பாங்க இங்க? எங்க மாமனார் இங்க செத்தப்பவும் இப்படித்தானே வாங்கம்மா போங்கம்மான்னு கூப்பிட்டு உட்காரவெச்சீங்க!”

சாது மேசையைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து அவள் பக்கத்தில் குனிந்தார். இன்னும் மெதுவாக, இன்னும் கனிவாகச் சொல்லிப் பார்த்தார். அவர் குரல் தணியத் தணிய அவள் அழுகை ஏறியது. உள்ளே போய் அவனை அழைத்துவந்து காட்ட ஆய்வாளர் அனுமதி வேண்டும். ஆய்வாளர் கூட்டத்துக்குப் போயிருந்தார், வர இரண்டு மணியாகும். அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. வாயோரம் நுரை தள்ளியது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் இங்கேயே போய்விடுவாள் என்று தோன்றியது.

சாது நிமிர்ந்தார். பதினான்கு வருடமாகப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய குரல், அவர் தொண்டையிலிருந்தே வந்தது.

“ஏய்! எந்திரி! என்னடி இங்க வந்து ஒப்பாரி வெச்சுக்கிட்டிருக்க? உன் புருஷன் உள்ள குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கான். திருட்டு முழி முழிச்சுக்கிட்டு! வாயை மூடு. வெளியில போய் ஓரமா நில்லு. கூப்பிட்டா வா, இல்லேன்னா வராதே. போடீ!”

அழுகை சட்டென்று நின்றது. அவள் அண்ணாந்து பார்த்தாள். ஈரமான முகத்தில் மெல்ல மெல்ல உயிர் வந்தது.

“உள்ளதான் இருக்காருங்களா?”

“அவனை எங்கடி கொண்டுபோவாங்க? போன்னா போ!”

“சரிங்கய்யா. சரிங்க, சரிங்க” என்று எழுந்து, பையை எடுத்துச் சட்டையைத் தூசி தட்டி மடித்து, இரண்டு கையாலும் அவரைக் கும்பிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

சாது மேசையில் வந்து உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ரைட்டர் எட்டிப் பார்த்து, “யாருய்யா அது சத்தம் போட்டது? நீயா?” என்று கேட்டார். அவர் முகத்தில் பதினொரு வருடத்தில் இல்லாத மரியாதை தெரிந்தது.

ஜன்னலுக்கு வெளியே, மதிலோரம் காத்திருந்த இன்னொருத்தியிடம் அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“உள்ளதான் உட்கார்ந்திருக்காராம்க்கா. ஒண்ணும் ஆகல. வாசல்ல இருக்கிற அய்யாவே வாய்க்கு வந்தபடி திட்டிட்டாரு.”